உடைந்த தெர்மாமீட்டருக்கு விலாசம் உண்டா?

போன ஜனவரியில் எங்கள் ஹாஸ்டலில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தது. பக்கத்து ரூம் பையனுக்குக் காய்ச்சல். அவனுடைய பாட்டி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை, இன்னொருவன் வீரமாக உதறுகிறேன் என்று கட்டில் கம்பியில் அடித்துவிட்டான். தரையெல்லாம் வெள்ளி முத்துக்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் அங்கே நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வேதியியல் படிக்கிற மாணவர்கள் நாங்கள் (சிரிக்காதீர்கள்). ஒருவன் முத்துக்களை விரலால் தள்ளி ஒன்று சேர்த்து விளையாடினான். ஒருவன் மோதிரத்தை அதில் தொட்டுப் பார்த்தான், தங்கம் வெளுத்துப் போனதும் அலறினான். அலறல் கேட்டு வந்தவர் ஒரு துடைப்பத்தால் கூட்டி, கண்ணாடித் தூளோடு முறத்தில் அள்ளி, நேராகப் பாத்ரூம் சாக்கடைக்குக் கொண்டு போனார். நல்லவேளை, வழியில் பிடித்து நிறுத்திவிட்டோம். நிறுத்திய பிறகுதான் பிரச்சினையே ஆரம்பித்தது. "சரி தம்பி, சாக்கடையில் போட வேண்டாம். வேற எங்க போடணும்?" என்று அவர் கேட்டார்.

எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

குப்பைத் தொட்டியில் போட்டால் அது கிடங்குக்குப் போகும். கிடங்கில் வருஷத்துக்கு ஒரு தரமாவது தீப்பிடிக்கிறது, அப்புறம் பாதரசம் ஊரெல்லாம் புகையாகப் போகும். மண்ணில் புதைத்தால் மழைக்குத் தண்ணீரோடு போகும். பழைய இரும்புக் கடைக்காரர் கண்ணாடியை எடுத்துக்கொள்வார், ஆனால் அவர் கையுறை போட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு மூடி, அலமாரிக்கு மேல் வைத்தோம். இன்று வரை அது அங்கேதான் இருக்கிறது.

இதை எழுதத் தூண்டியது அந்தப் பாட்டில் மட்டுமில்லை. தூத்துக்குடிப் பக்கத்து நண்பன் ஒருவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சித்தப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு உண்டு. "இது பரவாயில்லடா, எங்க வீட்டுப் பரண்ல ஃப்ளேர் இருக்கு" என்றான். நடுக்கடலில் ஆபத்து என்றால் கொளுத்திக் காட்டுகிற சிவப்பு வெளிச்சக் குச்சி. அதற்குப் பெரும்பாலும் மூன்று வருஷம்தான் ஆயுள். தேதி முடிந்தால் புதிது வாங்க வேண்டும். பழையதை என்ன செய்வது? சும்மா கொளுத்திப் பார்க்கவும் கூடாது, எங்கோ ஒரு படகு மூழ்குகிறது என்று நினைத்து உதவிக்கு ஆள் கிளம்பிவிடும். கடலில் எறிந்தால் உள்ளே இருக்கிற ரசாயனம் மீனுக்கு. குப்பையில் போட்டால், குப்பை வண்டியிலேயே பற்றிக்கொண்டால் யார் கதி? விற்ற கடையில் கேட்டதற்கு, "நாங்க விக்கிறது மட்டும்தான் தம்பி" என்றார்களாம். உயிரைக் காப்பாற்ற வாங்கிய பொருள், ஓலைப் பரணில் நெருப்பாகத் தூங்குகிறது.

தெர்மாமீட்டரும் அப்படித்தானே? வாங்க ஆயிரம் கடை, திருப்பிக் கொடுக்க ஒரு கதவு கிடையாது. இது சின்ன விஷயம், இதற்கு ஒரு பதிவா என்று நினைப்பவர்களை என் ஊருக்கு மேலே இருக்கிற மலைக்கு அழைத்துப் போகிறேன்.

நான் பெரியகுளத்துக்காரன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கும்பக்கரை அருவியில் குளித்து வளர்ந்தவர்கள். அந்தத் தண்ணீர் பாம்பாறு, கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வருவது. சின்ன வயதில் எனக்குத் தெரியாத ஒன்று, அந்த மலை விளிம்பில், பாம்பார் சோலைக்காட்டுக்கு மேலே, ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது என்பது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையை, சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தது. பிறகு அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. நம் ஊரில் தங்கியது எது என்று கேட்டால், உடைந்தவை மட்டும்தான்.

தெர்மாமீட்டர் செய்கிற வேலையே உடைகிற வேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்ற வேண்டும், சூடாக்க வேண்டும், நுனியை மூட வேண்டும், அளவு சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் உடையும், கொஞ்சம் சிந்தும். அந்த உடைசலை என்ன செய்வது என்பது ஆலை கட்டுகிற அன்றைக்கே பதில் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே மூட்டை மூட்டையாகப் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் கிடப்பதை ஊர்க்காரர்களும், பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சிலும், கிரீன்பீஸும் வெளியே கொண்டு வந்தார்கள். மறுநாளே ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை. 7.4 டன் என்பது போராடியவர்கள் கணக்கு. நிறுவனத்தின் கணக்கு வேறு: 5.3 டன் கண்ணாடி, அதில் 0.15 சதவீதம் பாதரசம், அது தங்கள் விதிமுறையை மீறி ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்திலிருந்த பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

0.15 என்றால் சின்ன எண்தானே? கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 5.3 டன்னில் 0.15 சதவீதம் ஏறக்குறைய 8 கிலோ. காய்ச்சல் பார்க்கிற ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. அதாவது எங்கள் ஹாஸ்டலில் நடந்த அதே கூத்து, குறைந்தது 8,000 தடவை, ஒரே கடையில். அதுவும் குறைவாகச் சொல்லப்பட்ட கணக்கின்படி!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். குழந்தை பாதரசத்தை விழுங்கிவிட்டால் வீடே அலறும். உண்மையில் விழுங்கிய பாதரசத்தில் மிக மிகச் சொற்பமே உடம்பில் சேரும், மற்றது அப்படியே வெளியே போய்விடும். (அதற்காக விழுங்கலாம் என்று அர்த்தமில்லை, டாக்டரிடம் ஓடுங்கள்.) பயப்பட வேண்டியது அதன் ஆவிக்கு. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் போனால் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும். துடைப்பத்தால் கூட்டினால் ஒரு முத்து நூறு முத்தாகும், ஆவியாகிற பரப்பு கூடும். அன்றைக்கு எங்கள் ஹாஸ்டலில் நாங்கள் செய்தது அதைத்தான்.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் அந்தக் காற்றில் மணிக்கணக்கில் நின்றவர்கள். அவர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் ஆய்வுகளில் பாதரசத்தால் தொழிலாளர்களுக்குப் பாதிப்பு தெரியவில்லை என்று நிறுவனம் சொல்லி வந்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் 2011 அறிக்கை தொழிலாளர்கள் பக்கம் நின்றது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகமெல்லாம் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஆனது. ஆலை நின்று பதினைந்து வருஷம் கழித்து. பதினைந்து வருஷம் என்பது, ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிற காலம்.

ஆனால் நான் எழுத வந்தது இழப்பீட்டைப் பற்றி இல்லை, கழிவைப் பற்றி. இந்தக் கதையில் என்னை அசைத்த இடம் 2003.

அந்த வருஷம் மே மாதம், மூஞ்சிக்கல் உடைசல், ஆலைக்குள் மிச்சமிருந்த கழிவு, சகதி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 290 டன், டிரம்களில் அடைத்து மலையிலிருந்து இறக்கித் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். போன இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா, பெத்லஹேம் அப்பரேட்டஸ் என்ற நிறுவனம். அங்கே கழிவைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து, பாதரசத்தை மீண்டும் பாதரசமாகப் பிடித்துவிடுவார்கள். பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் உலக வழக்கம். இந்த ஒரு தடவை கப்பல் எதிர்த்திசையில் போனது.

"பாதுகாப்பாக அகற்ற வழியே இல்லை, நாங்கள் என்ன செய்வோம்" என்ற பேச்சு எடுபடாது என்பதற்கு அந்தக் கப்பல் சாட்சி. வழி இருந்தது, டிரம்மும் இருந்தது, அதைத் திருப்பி எடுக்கத் தெரிந்த ஆலையும் இருந்தது. ஊர் தெருவுக்கு வந்து கத்தும்வரை இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

கப்பலில் ஏற்ற முடியாத ஒன்று மண். ஆலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அனுமதி வந்தது. பிரிட்டனில் வீட்டு மனைக்கு 1 மில்லிகிராம்தான், இது சோலைக்காடும் நீர்ப்பிடிப்பும் உள்ள இடம், இதற்கு ஏன் இவ்வளவு தாராளம் என்று போராடியவர்கள் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். மண்ணை அலசி, மிச்சத்தைச் சூடாக்கிப் பாதரசத்தைப் பிரிக்கிற முறைதான் கடைசியில் தீர்மானமானது. யோசித்துப் பாருங்கள், மூட்டையில் இருந்தபோது லாரியில் ஏற்றினால் போதும். மண்ணில் சேர்ந்த பிறகு மலையையே சலிக்க வேண்டியிருக்கிறது.

ஏரியையும் விட்டுவைக்கவில்லை. ஆலையின் நீர்ச்சரிவு பாம்பார் பக்கம், கொடை ஏரிப் பக்கம் இல்லை. ஆனாலும் ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் ஏரித் தண்ணீரிலும், வண்டலிலும், மீனிலும் பாதரசம் கண்டதாக 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள். காற்றில் பரவி வந்தது, ஆலைதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. வளாகத்துக்கு வெளியே குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை என்பது நிறுவனத்தின் நிலை. நீரடிச் சேற்றில் இருக்கிற பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும், அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அங்கிருந்து சாப்பிடுகிறவருக்கும் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்த நோய் மெத்தில் பாதரசம் கலந்த மீனால் வந்ததுதான். கும்பக்கரையில் குளிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் இப்போதும் குளிக்கிறேன். ஆனால் தண்ணீருக்குள் தலையைக் கொடுக்கும்போது மேலே இருக்கிற மலை விளிம்பு ஞாபகம் வராமல் இல்லை.

இதே பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில்தான் போகர் பெயரைச் சொல்லும் தண்டாயுதபாணி இருக்கிறார். சித்தர்கள் பாதரசத்தை எடுத்தாலே முதல் பேச்சு அதைக் 'கட்டுவது' பற்றித்தான். ரசமணி என்றால் ஓடாமல் கட்டிய ரசம். கட்டாத ரசம் ஓடிவிடும், ஓடினால் பிடிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரி, ரசவாதம் போதும், வீட்டுக்கு வருவோம்.

ஆலைக் கழிவுக்காவது கூட்டம் கூடியது, கோர்ட் இருந்தது, கப்பல் வந்தது. வீட்டில் உடைகிற தெர்மாமீட்டருக்கு? 2016-ல் மத்திய அரசு கொண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே 'வீட்டு அபாயக் கழிவு' என்று ஒரு வகை இருந்தது. அந்தப் பட்டியலில் பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, பேட்டரி இவற்றோடு 'உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர்' என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. படித்தபோது நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதோடு விடவில்லை. 20 சதுர கிலோமீட்டருக்கு, அல்லது அதன் பகுதிக்கு, ஒரு மையம் அமைத்து, எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்று உள்ளாட்சி அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. கொடைக்கானல் நகராட்சியின் பரப்பு 21 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கணக்குப்படி பாதரசத்தால் அடிபட்ட அந்த ஊருக்கே இரண்டு மையம் கிடைத்திருக்க வேண்டும்.

நான் எங்கள் கல்லூரி இருக்கிற ஊரில் விசாரித்தேன். முதலில் மருந்துக்கடை. "இப்ப டிஜிட்டல்தான் தம்பி வருது" என்று புதிதாக ஒன்றை விற்கப் பார்த்தார். பிறகு குப்பை வண்டி அண்ணன். அவர் நேர்மையாகச் சொன்னார்: "எங்கிட்ட குடுத்தா நானும் எல்லாத்தோடயும்தான் கொட்டுவேன். வேணாம், நீங்களே வச்சுக்கங்க." கடைசியில் ஓர் அலுவலகம். அங்கே என்னை மூன்று மேஜைக்கு மாற்றி மாற்றி அனுப்பி, நாலாவது மேஜையில் லீவு என்றார்கள். விதியில் எழுதப்பட்ட அந்த மையம் எங்கே என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு கிராம் பாதரசத்துக்காக இவ்வளவு செலவு செய்ய முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், செலவு யார் தலையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கருத்து, விற்கிற அன்றே விலையில் அது இருக்க வேண்டும். முடியாது என்பவர்கள் நீலகிரியைப் பார்க்கட்டும். காட்டில் உடைத்துப் போடுகிற மதுபாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2022-ல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவரே பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வருகிறார் என்றால், தெர்மாமீட்டர் வாங்குகிற அம்மா கொண்டு வரமாட்டாரா? ஃப்ளேர் வாங்குகிற மீனவர் புதியது வாங்கப் போகும்போது பழையதைப் பெட்டியில் எடுத்துப் போகமாட்டாரா? வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும், அதுதான் இல்லை.

இன்னொரு சமாதானமும் காதில் விழுகிறது: பாதரசத் தெர்மாமீட்டர் ஒழிந்துகொண்டிருக்கிறது, இனி கவலை எதற்கு? உண்மைதான். மினமாட்டா பெயரிலேயே உலக நாடுகள் 2013-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன, இந்தியா 2018-ல் ஏற்றது, இவற்றைச் செய்வதையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2025 வரை தவணையும் வாங்கியது. ஆனால் செய்வதை நிறுத்தினால், செய்தது மறைந்துவிடுமா? ஒவ்வொரு வீட்டு மருந்து டப்பாவிலும், கிராமத்து ஆஸ்பத்திரி பிரஷர் மிஷினிலும், பள்ளிக்கூட லேபிலும் இருப்பதெல்லாம் இனிமேல்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி எறியப்படும். அதிகம் எறிகிற காலம் இதுதான். திருப்பி வாங்கும் கதவு இப்போது திறக்கவில்லை என்றால் அப்புறம் திறந்து பயனில்லை.

அதுவரைக்கும் வீட்டில் உடைந்தால் என்ன செய்வது? நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். துடைப்பம் வேண்டாம், வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். கெட்டி அட்டையால் முத்துக்களை மெதுவாகத் தள்ளி ஒன்று சேர்த்து, இங்க் ஃபில்லரால் உறிஞ்சுங்கள், பொடிப் பொடியானதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் எல்லாவற்றையும், அந்த டேப்பையும் சேர்த்து, போட்டு இறுக மூடி, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதுவது முக்கியம், நாளைக்கு யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார்.

எங்கள் பாட்டிலிலும் 'பாதரசம் – திறக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மே மாதம் ரூமைக் காலி செய்ய வேண்டும். அடுத்து வருகிற ஜூனியர் பையனுக்குச் சாவியோடு சேர்த்து இதையும் ஒப்படைப்பதா, பெரியகுளம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதா என்று ரூமில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது இதை வாங்கிக்கொள்கிற இடம் தெரிந்தால் விலாசம் சொல்லுங்கள், பஸ் காசு என் செலவு.